வீங்கிய போன்

எனக்குக் காய்ச்சல் வந்தபோது மகன் வரவில்லை. டாக்டரைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றான். குளியலறையில் வழுக்கி விழுந்தபோதும் வரவில்லை. வழுக்காத விரிப்பு ஒன்று பார்சலில் வந்தது. ஆனால் பழைய லேப்டாப்பின் அடிப்பக்கம் உப்பியிருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னதும், "தொடாதீங்கப்பா, இதோ கெளம்பிட்டேன்" என்றான். பேட்டரி தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி அவன். அப்பன் வீங்கினால் வரமாட்டான், பேட்டரி வீங்கினால் வருவான்.

மணல் நிரப்பிய இரும்பு வாளியோடு வந்தான். லேப்டாப்பை அதற்குள் இறக்கி பால்கனியில் வைத்தான். புகை வருகிறதா என்று பார்க்காமல் எடுத்துப்போகக் கூடாதாம்; சாயங்காலம் வரை இருந்தான். நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்துக் கதைகளைச் சொன்னேன். எல்லாம் அவன் கேட்டவைதான், ஆனாலும் சிரித்தான். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

கிளம்பும் முன் என் போனை வைத்துப் பாடம் நடத்தினான். நூறு வரை ஏற்றிவிட்டு அப்படியே செருகி வைக்கக் கூடாது, வெயில் படக் கூடாது, தலையணைக்கு அடியில் கூடவே கூடாது. மேஜையில் மல்லாக்க வைத்துச் சுண்டினால் சுழலக் கூடாது. சுழன்றால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் உழைக்குமாம். வருடக்கணக்கில் என்றால், அத்தனை வருடமும் இவன் வரமாட்டான்.

மறுநாளே எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய ஆரம்பித்தேன். ஜன்னல் கட்டையில் நல்ல வெயிலில் போனைக் கிடத்தி, சார்ஜரைச் செருகி விட்டேன். பக்கத்திலேயே ஒரு வாளி மணலோடு காவலும் இருந்தேன். கிறுக்கன்தான், ஆனால் மேல்வீட்டுக் குழந்தைகளைக் கொளுத்துகிற கிறுக்கன் இல்லை. தினமும் சுண்டிப் பார்ப்பேன். கல்லுளிமங்கன், அசையவே மாட்டான்.

கோடை முடியும்போது ஒரு நாள் சுழன்றது. பரீட்சையில் தேறியவன் மாதிரி மகனைக் கூப்பிட்டேன். உடனே அணைத்து மணலில் வைக்கச் சொன்னான். நீ எப்போது வருகிறாய் என்று கேட்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டான். போனை அணைத்து மணலில் வைத்தேன். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு டீ போட்டேன்.

மணி அடித்தது. கதவைத் திறந்தால் தொழிற்சாலைச் சட்டை போட்ட யாரோ ஒருவர், கையில் தீப்பிடிக்காத பையோடு நின்றார். சார் அனுப்பினாராம், புதுப் போன் பார்சலில் வருமாம். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

"இத வெச்சுக்கிட்டு எங்கயும் நிக்கக்கூடாதுங்க. சார் ரொம்ப கண்டிப்பு."

பையை மூடிக்கொண்டு போய்விட்டார். இரண்டு டீயையும் நானே குடித்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அவனைக் கூப்பிட என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். பார்சல் வரும்வரை, அவனாகவே அப்பாவிடம் பேச நினைத்தாலும், அடிப்பதற்கு இங்கே போன் இல்லை.