நடுகல்லும் ஒரு வெண்பாவும்

1

இக்கதை ஒரு வெண்பாவிலிருந்து பிறந்தது. வெண்பாவை எழுதியவன் நான். அதனால் வேலையிழந்தவள் வேறொருத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லத் துணிவு வராது.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘இண்டூருக்கு அப்பால், பாளையக்காரரின் பழைய அரண்மனை, இன்று சொகுசு விடுதி, மாலை வெயிலில் பொன்னென…’

அடித்துவிட்டேன். அந்தப் பொன்னில் அவள் இல்லை.

2

என் எழுபதாம் பிறந்தநாளுக்கு மகள் கலைமணி அந்த அரண்மனை விடுதியில் இரண்டு நாள் அறை எடுத்துத் தந்தாள். அந்தப்புரம் இப்போது உணவுக்கூடம். யானை கட்டிய முற்றத்தில் நீச்சல்குளம். குளக்கரையில் ஒரு நடுகல்: ஆநிரை மீட்டு மாண்ட வீரன், வில்லும் குறுவாளுமாக. பக்கத்தில் ‘தொடாதீர்கள்’ என்றொரு பலகை.

விடியலில் நீறணிந்து, பதிகம் ஓதியபடி அங்கே நடந்தேன். விடுதிச் சீருடையில் ஒருத்தி கல்லின் நெற்றியில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். ராமக்காள் என்று வைத்துக்கொள்வோம். (அவள் பெயர் அதுவன்று. காரணம் அடுத்த பகுதியில்.)

“ஏசி ரூம்ல படுத்துட்டு, கோழிக்கு முன்னால எந்திரிச்சிட்டீங்களே சாமி!” என்று சிரித்தாள்.

“யாரம்மா இவர்?”

“எங்க வூட்டுச் சாமிங்க. ஏரிக்கரையில இருந்தாரு. அழகா இருக்குன்னு தூக்கியாந்து இங்க வெச்சிட்டாங்க. வெளியாளை உள்ள வுடமாட்டாங்கல்ல? அதான் வேலைக்குச் சேந்துட்டேன்.”

“பார்த்தால் திட்டமாட்டார்களா?”

“ஏழு மணிக்குள்ள கழுவிருவேனுங்க. பூசறதும் நாந்தான், தொடைக்கறதும் நாந்தான். சாமி கோவிச்சுக்கல. மேனேஜருக்குத் தெரிஞ்சாத்தான் கோவம் வரும்.”

அவள் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் அதற்குள் அங்கே வெண்பாவின் சீர்கள் ஒலிக்கத் தொடங்கிவிட்டன.

3

புறப்படுகையில் விருந்தினர் கருத்துப் பதிவேட்டை நீட்டினார்கள். அவளைப் பாடி ஒரு வெண்பா எழுதினேன். பாடப்படுவோர் பெயரைப் பாட்டினுள் வைப்பது மரபு. வைத்தேன், இரண்டாம் அடியில், எதுகை பிறழாமல்.

மேலாளர் நவநீதன் எட்டிப் பார்த்தார். “அருமைங்க அய்யா. ஆனா ஒண்ணுமே புரியலீங்களே!”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். புரியாத செய்யுள் எவர் சோற்றையும் பறிக்காது. நானோ பதம் பிரித்தேன். பொழிப்புரை சொன்னேன். விடியுமுன் நாள்தோறும் மஞ்சள் சாத்துபவள் என்று அடியின்மேல் விரல் வைத்துக் காட்டினேன்.

“இந்தப் பேரு நம்ம ஸ்டாஃபுங்களா?”

“ஆம்” என்றேன், பெருமிதத்தோடு.

அடுத்த மாதம் மீண்டும் சென்றபோது, அவள் வாயிலுக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள்.

“பாட்டு நல்லா இருக்குன்னு மேனேஜரு சொன்னாருங்க. சொல்லிட்டுத்தான் சீட்டைக் கிழிச்சாரு.”

நான் ஏதோ உளறினேன். அவள் கையமர்த்தினாள்.

“எனக்கு வேற வேலை கெடைக்கும் சாமி. உள்ள எங்க வூட்டுச் சாமிக்கு யாரு இருக்கா?”

4

முதல் முடிவு: மேலாளர் மனமிரங்கி அவளைத் திரும்ப அழைக்கிறார். (கெஞ்சிப் பார்த்தேன். இந்த முடிவு நடவாது.)

இரண்டாம் முடிவு: கிழவன் தானே அறை எடுத்து, விடியலில் மஞ்சள் குழைத்து, கல்லின்முன்…

இதைச் செய்தும் பார்த்தேன். கிண்ணத்தோடு நின்றேன். அவள் அந்தக் கல் வீரனை என்ன சொல்லி அழைப்பாளோ, நான் கேட்டறியவில்லை. நூறு பதிகம் நெஞ்சில் இருந்தது. அவனை விளிக்க ஒரு சொல் இல்லை. மஞ்சள் என் விரலிலேயே உலர்ந்தது.

மூன்றாம் முடிவு உங்களுடையது. அங்கே தங்க நேர்ந்தால் விடியலில் குளக்கரைக்குப் போய்ப் பாருங்கள். கல்லின் நெற்றியில் ஈர மஞ்சள் இருந்தால், யார், எவ்வழியே வந்தார் என்று வினவாதீர்கள். பதிவேட்டை நீட்டுவார்கள். அறை தூய்மை, உணவு நன்று என்று மட்டும் எழுதிவிட்டு வாருங்கள்.