பட்டாளத்துச்சாமியை அளந்தவள்

கும்பிட வந்தவள் கையைக் கூப்புவாள். இவளோ டேப்பை எடுத்து அளக்கிறாள். களையெடுத்துக்கொண்டிருந்த அன்னக்கொடி எழுந்து வந்தாள்.

மலைமேல் வில்பட்டியில் அவளுடைய பூண்டுத் தோட்டத்து மூலையில் நிற்பவர் பட்டாளத்துச்சாமி. மார்பளவு வெண்கலச் சிலை. முறுக்கு மீசை, தலையில் இரும்புத் தொப்பி, நெஞ்சு நிறையப் பதக்கம். பக்கத்துச் செண்பகனூரில் ஏதோ ஒரு துரை பங்களாவைக் காலி செய்தபோது அவளுடைய மாமனார் தூக்கி வந்தது. இப்படி மீசை வைத்தவர் காவல் சாமியாக இல்லாமல் வேறு யாராக இருப்பார்? காலே இல்லாத அந்தச் சாமியின் காலடியில் விதைப்பூண்டை வைத்து, சுருட்டுப் பற்றவைத்த பிறகுதான் அந்தக் குடும்பத்தில் நடவு. புருஷன் செத்துப் பதினோரு வருஷமாகத் தோட்டத்துக் குடிசையில் அன்னக்கொடி தனியாகப் படுத்தெழுவதும் அவர் துணையில்தான். கதவுக்குத் தாழ்ப்பாள்கூடப் போடமாட்டாள்.

அவரைத்தான் இந்த ஆஸ்திரியாக்காரி அளந்தாள், முதுகைத் தட்டிப் பார்த்தாள், படம் பிடித்தாள். கூட வந்தவன் டவுன் கைடு கோகுல்ராஜ்.

"ஏலே கோகுலு, இந்தம்மாவுக்கு இங்க என்னலே சோலி?"

"சும்மா ரிசர்ச்சுங்கக்கா."

"செல திருடுறவளும் அதத்தான் சொல்லுவா. இன்னைக்கு அளப்பா, நாளைக்கு ஆள அனுப்புவா. வெள்ளனே வந்து பாத்தா வெறும் பீடந்தான் கெடக்கும். வெரசா கூட்டிட்டுப் போயிரு!"

களைக்கொத்தோடு சாமிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். வந்தவள் வரப்பில் உட்கார்ந்து கோகுல்ராஜிடம் இங்கிலீஷில் மெதுவாகப் பேசினாள். கேட்கக் கேட்க கோகுல்ராஜின் முகம் மாறியது.

"அக்கா, இவரு இந்தம்மாவோட கொள்ளுத்தாத்தாவாம். பெரிய ஜெனரலாம். யாரோ டூரிஸ்ட் எடுத்த போட்டோவப் பாத்துட்டு வந்திருக்காங்க. அவங்க ஊரு நடுவுலயும் இதே மாதிரி ஒண்ணு நின்னுச்சாம். போன வருஷம் எடுத்துட்டாங்களாம்."

"யாரு திருடினது?"

"திருடலக்கா, ஊரே சேந்து எறக்கிருச்சு. சண்டையில ஒரு கிராமத்து சனத்தையே புள்ளகுட்டியோட வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டித் தீ வைக்கச் சொன்னவராம். ரெண்டும் ஒரே அச்சுல வார்த்த செலதானான்னு பாக்கத்தான் அளந்தாங்க. எடுத்துட்டுப் போக வரல. நீங்க யாரக் கும்புடுறீங்கன்னு ஒங்களுக்குத் தெரியணுமாம்."

பொய்யாக இருக்கும் என்றுதான் அன்னக்கொடி முதலில் நினைத்தாள். ஆனால் சொந்தப் பாட்டன்மேல் எவள் இப்படிப் பொய் சொல்வாள்? வந்தவளின் மூக்கைப் பார்த்தாள், சாமியின் மூக்கைப் பார்த்தாள். இரண்டும் ஒரே மூக்கு.

வேலியே பயிரை மேய்ந்த கதையாக, இவன் பார்வையிலா பதினோரு வருஷம் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினோம்? அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இருந்தும் மாமனார் வைத்த சாமியைத் தூக்கி எறிய மனசு வரவில்லை.

"ஒரு கை பிடிங்க," என்றாள்.

மூவரும் சேர்ந்து சாமியைத் திருப்பினார்கள். குடிசையைப் பார்த்து நின்றவர், காட்டெருமை இறங்கும் சோலையைப் பார்த்து நின்றார்.

"செஞ்ச பாவத்துக்குக் காவல் காத்துக் கழிக்கட்டும்."

சாயங்காலம் வழக்கம்போல் சுருட்டு வைத்தாள். பற்றவைக்கவில்லை. தீப்பெட்டியை மடியில் முடிந்துகொண்டு குடிசைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.