திரைக்குப் பின்னால் பாடும் மரபு

மேஸ்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சுருட்டிக் கொண்டுவந்த கலை மன்றத்து மஞ்சள் நோட்டீசைத் தரையில் விரித்தார். காகிதம் சுருண்டு சுருண்டு எழுந்தது. ஒரு முனையில் தண்ணீர்ச் சொம்பை வைத்தார். மறுமுனையைக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார்.

"இது யாரு பேரு?"

பாட்டுக்காரி சோற்றுக் கரண்டியோடு நின்றாள். அவள் மேஸ்திரியின் செத்துப்போன தம்பியின் மனைவி. அவருடைய காங்கிரீட் கோஷ்டியில் சாந்துச் சட்டி தூக்குகிறவள். அவர் வீட்டுப் பின்கட்டு அறையில் மகளோடு இருப்பவள்.

"என் பேருதான் மாமா."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"என் பேரு மட்டும் தெரியும்."

அந்தப் பேருக்கு மேலேதான் அவருடைய கட்டைவிரல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். விரலை எடுக்கவில்லை.

"தம்பி போயி ரெண்டு வருஷம் முழுசா முடியல. மூஞ்சியில வெளிச்சத்தப் போட்டுக்கிட்டு மேடையில பாட்டு கேக்குதா?"

"தினமும்தான் பாடுறேன் மாமா. உங்க முன்னாடி, இருபத்திரெண்டு பேரு முன்னாடி."

"அது வேலை."

"அதே பாட்டுதானே?"

"சட்டிய வெச்சுக்கிட்டுப் பாடினா அது வேலை. நாலு பேரு நாற்காலி போட்டு உக்காந்து கேட்டா அது கூத்து. வித்தியாசம் தெரியாத பச்சப் புள்ளயா நீ?"

அடுப்படியிலிருந்து மேஸ்திரியின் மனைவி குரல் கொடுத்தாள். "பாடிட்டுத்தான் போகட்டுமே. வாயத் தைக்கவா முடியும்?"

"நீ உள்ள போடி."

"உள்ளதான் இருக்கேன். இதுக்கும் உள்ள போகணும்னா செவுத்தத்தான் இடிக்கணும். கொத்தனார அனுப்புங்க."

யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி தையல் மிஷின் பக்கம் உட்கார்ந்திருந்த தம்பி மகளைக் காட்டினார். "இவளுக்கு அடுத்த மாசம் பேசி முடிக்கப் போறோம். பையனோட சித்தப்பன் அந்த மன்றத்துக்கு எதிர்லதான் கடை வெச்சிருக்கான். உங்க தம்பி பொண்டாட்டி மேடையேறி ஆடுறாளாமேன்னு கேட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

மகள் தலை நிமிரவில்லை. ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். நூல் ஊசிக்குள் போகவே இல்லை.

பாட்டுக்காரி என்பது கோஷ்டி வைத்த பெயர். கூரை போடுகிற நாளில் கலவை மிஷினிலிருந்து மேல்தளம் வரை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். சட்டி கைமாறிக் கைமாறி மேலே போக வேண்டும். ஒருவர் கை முந்தினாலும் பிந்தினாலும் சட்டி மோதும், சாந்து தலையில் கொட்டும். அதனால் ஒரு பாட்டு வேண்டும். படி திரும்புகிற இடத்தில் அவள் நிற்பாள். அங்கிருந்தால்தான் கீழேயும் தெரியும், மேலேயும் தெரியும். எதைப் பார்க்கிறாளோ அதைப் பாடுவாள்.

*சட்டி வருது, சாந்து காயுது.*
*மூணாம் படியில முட்டி மடங்குது.*
*நேத்துப் போட்ட சண்டையில மூஞ்சி கோணுது.*

ஒவ்வொரு வரியையும் மேல்தளத்தில் நிற்கிற மேஸ்திரி திருப்பிப் பாடுவார். இல்லாவிட்டால் மேலே இருக்கிறவர்களுக்குக் கேட்காது. அவர் பாடி முடித்ததும் மொத்த வரிசையும் "ஏத்து!" என்று சட்டியை நகர்த்தும். திருப்பிப் பாடுவதற்கு மேஸ்திரி யோசிக்க மாட்டார். யோசித்தால் சட்டி நின்றுவிடும். பத்து வருஷமாக அவள் சொன்னது காதில் விழுந்த கணமே அவர் வாயிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

மன்றத்துச் செயலாளர் ஒருநாள் பக்கத்து மனைக்கு வந்தவர் இதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். "இதுதாம்மா வேர்ப்பாட்டு. மன்றத்து நிகழ்ச்சிக்கு மாசாமாசம் இதைத்தானே தேடிக்கிட்டிருக்கோம்" என்றார். நோட்டீஸ் அப்படித்தான் வந்தது.

மறுநாள், வியாழக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி அவளைக் கூட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போனார். கீழே இரும்புக் கடை, மேலே மன்றம். எண்பது மடக்கு நாற்காலி, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. 'கலை அனைவருக்கும்' என்று சுவரில் எழுதியிருந்தது. செயலாளர், ஓய்வு பெற்ற வாத்தியார். மேஸ்திரி சொன்னதையெல்லாம் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். இவர் தனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"குடும்பத்தோட உணர்வுன்னு ஒண்ணு இருக்கில்லையாம்மா" என்றார் செயலாளர், கண்ணாடியைத் துடைத்தபடி. "அதையும் மதிக்கணும். ஒண்ணு செய்வோம். மேடைக்குப் பின்னால சாமான் அறை இருக்கு. மைக்க உள்ள வெச்சிடுறோம். நீங்க உள்ள இருந்து பாடுங்க. மேஸ்திரி மேடையில உக்காந்து திருப்பிப் பாடட்டும். உங்க ஆளுங்க பத்துப் பேரு சட்டிய மாத்தட்டும். பாட்டு பாட்டா வரும், பேச்சு ஏதும் வராது."

"பேரு?" என்றார் மேஸ்திரி.

"அதுமேல ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிடலாம். கட்டடத் தொழிலாளர் குழுன்னு."

இருவர் முகத்திலும் பெரிய கணக்கு ஒன்று தீர்ந்த நிம்மதி.

"எனக்கு ஆளுங்க கண்ணுல படணும் சார். பாத்தாத்தான் பாட்டு வரும்."

"மனப்பாடமா ஒரு இருபது வரி வெச்சுக்குங்கம்மா. அது போதும்."

"அப்ப வேற யாரையாவது பாடச் சொல்லுங்க."

"வேற எவளுக்கு வரும்?" என்று மேஸ்திரி எரிந்து விழுந்தார். தான் சொன்னது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. செயலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகள்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உள்ள இருந்து பாடினாலும் வெளிய கேக்கும்ல அம்மா?"

"கேக்கும்."

"அப்புறம் என்னம்மா? எதுக்கு இப்படி முகத்தத் தூக்கி வெச்சிருக்க?"

ஒரு ஆளுக்கு இருக்கிற ஆசையை இன்னொரு ஆளிடம் எடுத்துச் சொல்ல, மூச்சு மட்டும் போதாது போலிருக்கிறது. "போய் நூலக் கோத்து வை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மன்றம் நிறைந்தது. கோஷ்டி ஆட்கள் வெளுத்த சட்டையில் வந்து, வெறும் சட்டியோடு மேடையில் வரிசை கட்டி நின்றார்கள். மேஸ்திரி நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் நீலத் திரை, திரைக்குப் பின்னால் கதவு, கதவுக்குப் பின்னால் அவள்.

அறையில் ஜன்னல் இல்லை. கால் உடைந்த நாற்காலிகள், வாளி, துடப்பம், பழைய பேனர்ச் சுருள். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு நல்ல சேலை கட்டிய அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"பாத்ரூம் எந்தப் பக்கம்மா?"

"வலது பக்கம்."

"தண்ணி வருதா? போன தடவ வரல. சொன்னா நீங்கல்லாம் காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறீங்க."

"நான் பாட வந்திருக்கேன்" என்றாள் இவள். கதவு அதற்குள் சாத்திக்கொண்டது.

வெளியே செயலாளரின் குரல் ஒலிபெருக்கியில் எழுந்தது. "இந்தப் பாடலைத் தலைவி திரைக்குப் பின்னால் இருந்துதான் பாட வேண்டும். இது இந்தக் கலையின் பழமையான மரபு." ஆமாம் ஆமாம் என்பதுபோல நாற்காலிகள் கிரீச்சிட்டன.

மரபு. வியாழக்கிழமை பிறந்த மரபு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது எரிச்சலாகிவிட்டது.

மனப்பாடம் செய்ததைத் தொடங்கினாள். *சட்டி வருது, சாந்து காயுது.* மேஸ்திரி திருப்பிப் பாடினார். "ஏத்து!" வெறும் சட்டி என்பதால் கைகள் கண்டபடி ஓடின. பாட்டு இங்கே, சட்டி எங்கேயோ. யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாவது வரியிலேயே தகரம் மோதுகிற சத்தம் கேட்டது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த வரிக்காக அவள் மனம் வழக்கம்போல ஆட்களைத் தேடியது. கண்ணெதிரே கால் உடைந்த நாற்காலிதான் இருந்தது.

சரி, அதையே பாடுவோம் என்று வாய் முடிவு செய்துவிட்டது.

*"ஒடஞ்ச நாற்காலி ஒண்ணு ரெண்டு"*

"ஒடஞ்ச நாற்காலி ஒண்ணு ரெண்டு" என்றார் மேஸ்திரி.

"ஏத்து!"

*"ஓரமாக் கெடக்குது துடப்பக்கட்ட"*

"ஓரமாக் கெடக்குது துடப்பக்கட்ட."

"ஏத்து!"

இப்போது சட்டிகள் மோதவில்லை. கோஷ்டிக்குப் பழகின பாட்டு இதுதான்.

*"அதுக்கு நடுவுல நானிருக்கேன்"*

"அதுக்கு நடுவுல நானிருக்கேன்" என்று எண்பது பேருக்கு முன்னால் மேஸ்திரி முழங்கினார். வரிசையில் கடைசி ஆள் வாயைப் பொத்திக்கொண்டான்.

*"ஆருக்கும் தெரியாமப் பாடுறேன்"*

"ஆருக்கும் தெரியாமப்..." அங்கேதான் அவருக்கு உறைத்தது. ஆனால் சட்டி ஆட்கள் கையில் இருக்கிறது, பத்துப் பேர் அவர் வாயைப் பார்க்கிறார்கள், பத்து வருஷப் பழக்கம் தொண்டையைப் பிடித்துத் தள்ளுகிறது. "...பாடுறேன்" என்று முடித்தார்.

"ஏத்து!"

*"புருசன் போனது என் குத்தமா"*

"புருசன் போனது..." என்று மேஸ்திரி நிறுத்தினார். வரிசையில் நின்ற பெண்கள் இரண்டு பேர் அவருக்காகக் காத்திருக்கவில்லை. "என் குத்தமா!" என்று அவர்களே முடித்துச் சட்டியை நகர்த்தினார்கள்.

*"பூட்டி வெச்சது ஒங்க சட்டமா"*

இந்த வரியை மேஸ்திரி பாடவே இல்லை. கோஷ்டியே பாடிக்கொண்டது. இன்னும் ஆறு வரி பாடினாள். நெஞ்சில் இருந்ததெல்லாம் வந்துவிட்டது. நிறுத்தினாள். இப்போது கேட்பார்கள் என்று நினைத்தாள். யாரம்மா அது, ஏன் உள்ளே இருக்கிறாய் என்று ஒருவராவது கேட்பார்கள்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "நண்பர்களே, இப்ப நீங்க கேட்டது குறைஞ்சது நூறு வருஷத்துக்கு முந்தின பாட்டு. புருஷனை இழந்த ஒரு பெண், பேர் தெரியாத ஒருத்தி, எங்கேயோ ஓர் இருட்டறையில அழுத அழுகை. நல்ல வேளையா அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு. இந்தப் பொக்கிஷத்தைக் காப்பாத்தி வெச்சிருக்கிற மேஸ்திரிக்கு மன்றத்தோட பாராட்டுப் பத்திரம்!"

மறுபடி கைதட்டல். மேஸ்திரி எழுந்து, கண்ணாடி போட்ட பத்திரத்தை வாங்குகிற ஓசை, பிறகு போட்டோ பிடிக்கிற ஓசை.

பாட்டுக்காரி வாளியிலிருந்து எழுந்தாள். முழங்கால் மரத்துப்போயிருந்தது. கதவைத் தள்ளி, திரையை விலக்கத் தெரியாமல் அதில் தலை சிக்கி, கொண்டை அவிழ்ந்து மேடைக்கு வந்து சேர்ந்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. முதல்முறையாக அந்த எண்பது முகங்களையும் பார்த்தாள். பாத்ரூம் கேட்ட அம்மாள் இரண்டாவது வரிசையில் இருந்தாள். மகள் ஓரத்தில், தலையைக் குனிந்து, தாவணி முனையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"உள்ள போ" என்றார் மேஸ்திரி, பல்லைக் கடித்துக்கொண்டு, போட்டோவுக்குச் சிரித்த சிரிப்பு மாறாமல்.

அவள் செயலாளர் கையிலிருந்த மைக்குக்குப் பக்கத்தில் போனாள்.

"நூறு வருஷம் இல்லீங்க. இப்பத்தான், இந்தக் கதவுக்குப் பின்னால கட்டினேன். ஈரம்கூடக் காயல."

முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "நாடகத்தையும் சேத்துக் கோத்திருக்காங்க, பிரமாதம்" என்றார். அவர் தட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

"உள்ள போன்னு சொன்னேன்."

"நாடகம்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க மாமா. நீங்க கோவப்பட்டா இன்னும் நல்லாத் தட்டுவாங்க."

மேஸ்திரியின் கை பத்திரத்தை நெஞ்சோடு இறுக்கியது. இந்தக் கைதட்டலுக்கு மேடையை விட்டு இறங்கிப் போவதா, குனிந்து கும்பிடுவதா என்று அவருக்குப் புரியவில்லை. வீட்டில் என்ன நடக்கும், எதிர்க் கடைக்காரன் என்ன சொல்வான், நாளைக்குச் சட்டி கையில் இருக்குமா என்பதெல்லாம் அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, அப்பா பேர், புருஷன் பேர் எதையும் முன்னால் சேர்க்காமல், தன் பேரை மட்டும் சொன்னாள்.

கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அவள் அவசரப்படவில்லை. சத்தம் அடங்கட்டும் என்று நின்றாள். கடைசி ஆளும் தட்டி ஓய்ந்து, கையை மடியில் வைத்த பிறகு, மறுபடியும் சொன்னாள்.