ஆயரம்மா என்று எழுதி அடித்தது

1

வாடகை நாற்காலி இறக்கப் போன இடத்தில் கிடைத்த கதை இது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராயர்கள் ஒன்றாகவே இருப்பதா, பிரிந்து போவதா என்று தீர்மானிக்கக் கூடியிருந்தார்கள். பெண்களுக்கும் சபை நடத்தும் ஆயர் பட்டம் கொடுத்ததில் வந்த தகராறு. “இது பிரிவினை இல்ல, கொஞ்சம் இடைவெளி” என்றார் ஒருவர். நாற்காலியை எவ்வளவு தள்ளிப் போடுவது என்பது என் கவலை.

2

முதல் வரி: ‘அந்த ஆயரம்மா பீடத்துத் துணியை…’

வேண்டாம். ஆயரம்மா என்றால் ஆயரின் மனைவி. இவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். ஆயர் இவளேதான். (வெறுமனே ஆயர் என்று எழுதினால் நீங்கள் மீசை வைத்துவிடுவீர்கள்.) அக்கா என்றே வைத்துக்கொள்வோம். பிரிந்தே தீர வேண்டும் என்று முன்னால் நிற்கும் பேராயர் அவளுடைய தம்பி.

3

ஞாயிறு மத்தியானம் ஓட்டெடுப்பு. முந்தின நாள் சாயங்காலம் தம்பி வந்தார். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“பிரிஞ்சா உன் சபை எங்க பக்கம் வந்துரும்க்கா. நீ பீடத்துல நிக்க முடியாது. ஆனா ஆயரம்மான்னு மரியாதை எப்பவும் இருக்கும்.”

“எந்த ஆயருக்குடா நான் பொண்டாட்டி?”

“கோபப்படாத. இது மனசாட்சி விஷயம்.”

“செங்கல் சுமந்து உன்னை வேதம் படிக்க வெச்சேனே, அப்ப நான் பொம்பளைன்னு உன் மனசாட்சி சொல்லலையா?”

தம்பி எழுந்து செருப்பைத் தேடினார்.

“தனிக்குடித்தனம் போறியா, போ. என் அடுப்பை அணைச்சிட்டுப் போகாத. காலையில ஆராதனைக்கு வா. என் கையால திருவிருந்து அப்பம் வாங்கு. அப்புறம் போய் ஓட்டுக்குக் கையைத் தூக்கு.”

[குறிப்பு: தம்பி ‘வந்தார்’, அக்கா ‘உரித்துக்கொண்டிருந்தாள்’. தீர்மானம் வரும் முன்னே என் பேனா ஓட்டுப் போட்டிருக்கிறது. இனி மாற்றி எழுதுகிறேன்.]

4

முடிவு ஒன்று: தம்பி மனம் மாறி… ஊஹூம். மனம் மாறுவதற்கு முன் ஒரு குழு அமைப்பார்கள்.

முடிவு இரண்டு: திருச்சபை உடைகிறது. இரண்டு தரப்பும் ‘மிகுந்த வேதனையோடு’ அறிக்கை விடுகின்றன. அக்காவின் வேதனை மட்டும்… அடித்துவிட்டேன். அறிக்கை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

5

ஞாயிறு காலை. தம்பி வந்துவிட்டான். அங்கி இல்லை, வெறும் சட்டை. திருவிருந்து வரிசையில் அவன் முறை. அக்கா அப்பத்தை நீட்டுகிறார். அவன் கை இன்னும் பாக்கெட்டுக்குள்.

நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவனுக்குப் பின்னால் நிற்பது நீங்கள். அவன் விலகிப் போனால், அக்கா அடுத்து உங்களிடம்தான் நீட்டுவார்.