மூத்தவனின் ரத்தம்

நர்ஸ் நீட்டிய பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தான் மூத்தவன்.

"எவனோ ஒருத்தன் ரத்தம் எங்கம்மாவுக்கு வேண்டாம். கொரோனா தடுப்பூசி போடாதவங்க ரத்தம்தான் ஏத்தணும். நான் போட்டுக்கல. என்னோடத எடுங்க."

வயிற்றுப் புண் வெடித்து, விடிந்ததிலிருந்து இரண்டு முறை ரத்தமாக வாந்தி எடுத்திருந்தாள் அம்மா. டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்: ஊசியால் யார் ரத்தமும் கெட்டுப்போவதில்லை, கீழே இரண்டு பை தயாராக இருக்கிறது, புதிதாக எடுத்தால் பரிசோதனை முடியவே மதியமாகிவிடும், அதுவரை இவர் தாங்கமாட்டார். மூத்தவன் மசியவில்லை. ஊசி மருந்தில் கண்டதும் கலந்திருக்கிறது, அது ரத்தம் வழியாக அடுத்தவருக்கும் போகும் என்று போனில் பார்த்துப் பார்த்து அவனுக்குத் தலைக்கேறியிருந்தது. டாக்டர் குனிந்து அம்மாவிடமே கேட்டார்.

"பெரியவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

அடுப்பு வாங்குவதிலிருந்து தங்கை கல்யாணம்வரை அந்த வீட்டில் அப்படித்தான். அந்த நேரத்திலும் அவனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, பாவி.

ரத்த வங்கியில் கையை நீட்டிப் படுத்திருந்தான். பை முக்கால்வாசி நிறைந்தபோது தங்கை வந்து நின்றாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணா, அம்மா ரெண்டு ஊசியும் போட்டுக்கிட்டாங்க. நான்தான் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு வருஷமாச்சு. உனக்குத் தெரிஞ்சா திட்டுவியேன்னு சொல்ல விடல."

இரண்டு வருடம். அம்மா மாடிப்படி ஏறினாள், இறங்கினாள், அவனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தாள். ஒரு நாள் தலைவலி என்று படுத்ததில்லை.

"காலையிலயே ஏன்டி சொல்லல?"

அவனிடம் அந்த வீட்டில் யார்தான் எதைச் சொன்னார்கள்?

"ஓடு. இருக்கறத ஏத்தச் சொல்லு. நான் வந்து கையெழுத்துப் போடறேன்."

அவனும் எழப் பார்த்தான். "அசையாதீங்க சார், ரெண்டு நிமிஷம்," என்று தோளைப் பிடித்து அழுத்தினார் ரத்தம் எடுப்பவர். அந்த இரண்டு நிமிடம் போவேனா என்றது.

அவன் மேலே ஏழாம் கட்டிலுக்குப் போனபோது எவனோ ஒருத்தனின் ரத்தம் சொட்டுச் சொட்டாக அம்மாவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கால் பைகூட இறங்கவில்லை. அம்மா மூன்றாவது முறை வாந்தியெடுத்தாள். அப்புறம் டாக்டர் குழாயை மூடினார்.

மதியம், அம்மாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது.

"சார், ரத்த வங்கி. உங்க பை டெஸ்ட் முடிஞ்சு ரெடியா இருக்கு. எந்தக் கட்டிலுக்கு அனுப்பணும்?"

முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ஏழு," என்றான்.

உள்ளே, ஏழாம் கட்டிலில் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.