குந்தோரோ வீட்டுக் கூரை

வொனோசோபோ நகரில் மலைக்காட்சிகளைப் படமெடுக்கப் பித்துப்பிடித்து அலையும் கூட்டம் நாங்கள். ஞாயிறு காலையில் எடுத்ததைக் கைபேசிக் குழுவில் போடுவோம். மாலையில் செத்தியாடியின் காப்பிக்கடையில் கூடி அலசுவோம்.

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் லஸ்த்ரி ஒருநாள் சிந்தோரோ மலையைப் போட்டாள். பனியும் வெளிச்சமும் பிரமாதம். ஆனால் படத்தின் அடியில் வதுலிமா குடியிருப்பின் தகரக் கூரைகள், கொடியில் துணிகள்.

"இது மலையா தங்கச்சி, சலவைக் கடையா?" என்றார் செத்தியாடி. கடையே சிரித்தது.

"அந்த நீலக் கூரை என் வீடுதான்" என்றான் எங்கள் குழுவின் குந்தோரோ. "தாராளமா அழிச்சிடு. நானும் அழிச்சிட்டுத்தான் போடுவேன். என் பெண்டாட்டி முர்னிக்குத் தெரிஞ்சா எனக்குச் சோறு கிடையாது."

கூரையைப் புல்லாக்குவது எப்படி என்று அவள் கைபேசியை வாங்கி அவனே காட்டிக்கொடுத்தான்.

அந்த மழைக்காலத்தில் பின்புறக் குன்றின் சரிவு இடிந்து வதுலிமாவை மூடியது. குந்தோரோ நகரத்தில் பட்டறை வேலையில் இருந்தான். மனைவி முர்னியும் மகளும் வீட்டில் இருந்தார்கள். அவன் ஓடி வந்தபோது பாதையோ மரமோ இல்லை, சேறுதான். எதிரே சிந்தோரோ மட்டும் அப்படியே நின்றது.

"உங்க வீடு எந்தப் பக்கம், அண்ணே?" என்று கேட்டார் மண் அள்ளும் இயந்திரக்காரர்.

குந்தோரோ கையை நீட்டினான். பிறகு வேறு பக்கம் நீட்டினான். செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தை மேகம் மறைத்திருந்தது.

"மலையும் வீடும் சேர்ந்து தெரியற படம் ஒண்ணு இருந்தா, மலையை வச்சு இடத்தைக் கணிச்சிடலாம்" என்றார் இயந்திரக்காரர்.

குந்தோரோ குழுவில் கேட்டான்: "கூரையோட இருக்கிற படம் யார்கிட்டயாவது இருக்கா?"

எல்லோரும் தேடினோம். எங்கள் படங்களில் வதுலிமா இருந்த இடமெல்லாம் பச்சைப் புல். மூலப் படங்களை எப்போதோ நீக்கியிருந்தோம். அவனுடையவை வீட்டோடு போயிருந்தன.

லஸ்த்ரி முழங்கால் சேற்றில் நடந்து வந்தாள்.

"அந்தப் படத்தை அன்னைக்கே குழுவிலேருந்தும் அழிச்சுட்டேன் அண்ணே. எல்லாரும் சிரிச்சீங்களா, வெக்கமாப் போச்சு."

"நீ என்ன பண்ணுவே? நான்தானே சொல்லிக்கொடுத்தேன்" என்றான். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

குத்துமதிப்பாகத் தோண்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கிடைத்தார்கள். முர்னியும் மகளும் கிடைக்கவில்லை. மறுபடி மழை பிடித்ததும், இனித் தோண்டினால் மேலும் சரியும் என்று நிறுத்திவிட்டார்கள். சரிவு முழுவதுமே கல்லறை என்று அறிவித்தார்கள்.

தொழுகை முடிந்து எல்லோருக்கும் பூவிதழ்க் கூடை கொடுத்தார்கள். தத்தம் வீடு இருந்ததாக நினைத்த இடத்தில் ஒவ்வொருவரும் தூவினார்கள். குந்தோரோ அசையவில்லை.

"எங்க போடறது?" என்றான்.

செத்தியாடி அவன் தோளைத் தொடப் போனார். தட்டிவிட்டுச் சேற்றில் இறங்கினான். சிறிது தூரம் நடப்பான், நிற்பான், திரும்பி வேறு பக்கம் நடப்பான். இருட்டும்வரை அப்படியே நடந்தான். கூடையில் ஓர் இதழ்கூடக் குறையவில்லை.