சம்மரி வீட்டில் சதகுப்பை மணம்

எங்கள் சம்மரியில் சமைப்பது நான்தான். நானாக ஆசைப்பட்டு எடுத்த வேலை இல்லை. சமையற்காரன் சித்திரை வருஷத்துக்கு ஊருக்குப் போனவன், போனவன்தான். மற்ற இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் சட்டிகளை உருட்டுவேன், ஆனாலும் கறியை வைத்துவிடுவேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சம்மரி என்றால், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் வீடு. எங்களுடையது வெள்ளவத்தையில் இருந்தது. மூன்று பேர். நமசிவாயம் அண்ணை மூத்தவர், சுத்த சைவம். மூக்குப்பொடி போட்டுப் போட்டு ரோசாப்பூவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாமற் போனவர். நான் பூபாலசிங்கம், அரசாங்கக் கந்தோரில் வருகிற கடிதங்களுக்கு நம்பர் போடுகிறவன். மூன்றாவது ஆள் பாலசுந்தரம், எங்களுக்குப் பாலன். கண்ணாடி போட்டவன், மெதுவாகக் கதைப்பவன், சீட்டாட்டம் இல்லை, சாராயம் இல்லை. அதனால்தான் என் தங்கை நாகேஸ்வரியை அவனுக்குப் பேசினேன்.

பேசியது நான்தான் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவளுக்கு அதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்து, இரண்டும் குழம்பிப்போயின. ஒன்று சாதகத்தால், மற்றது சீதனக் காணியால். அவளில் ஒரு பிழையும் இல்லை, ஆனாலும் ஊர் அவளைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தது. இந்தக் கலியாணத்துக்கு ஆவணி இருபத்தேழு முகூர்த்தம் வைத்திருந்தோம். ஊரில் இருக்கும் எங்கள் தகப்பன், ஐயா, வாராவாரம் கிழமை தவறாமல் "மாப்பிள்ளை எப்படி?" என்று கடிதம் போடுவார். "என் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறார், கவலை வேண்டாம்" என்று நானும் கிழமை தவறாமல் பதில் போடுவேன். மூன்றாவது தடவையும் குழம்பினால் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

ஆடி பிறந்த கையோடு, ஒரு செவ்வாய்க்கிழமை விடியக் காலையில், பாலன் ஒரு காகிதப் பொட்டலத்தோடு குசினிக்குள் வந்தான்.

"மச்சான், எனக்கு வயித்துக்குள்ளை ஒரே வாய்வு. டொக்டர் ஒரு மீன்கறி சொன்னவர். நீதான் வைச்சுத் தரவேணும்."

பொட்டலத்தைப் பிரித்தேன். மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு, திப்பிலி எல்லாம் தெரிந்த சாமான்கள். பெருஞ்சீரகம் தாராளமாக இருந்தது. அதோடு தட்டையாய், மெல்லிசாய் இன்னொரு விதை. கசக்கி முகர்ந்தேன். பெருஞ்சீரகத்துக்குத் தம்பி முறை, ஆனால் கொஞ்சம் கசப்புக் குணமுள்ள தம்பி.

"இது என்னடா?"

"சதகுப்பை. வெள்ளைக்காரர் தங்கடை ஊரிலை மீனுக்கு இதைத்தான் போடுவினமாம். டொக்டர் துரை சொன்னவர். வாய்வுக்குக் குடுக்கிற கிறைப் வாட்டரும் இதிலைதான் செய்யிறதாம்."

துரை சொன்னால் கிளாக்கருக்கு அதற்கு மேல் கதை இல்லை. சட்டியை அடுப்பில் வைத்தேன்.

அந்தக் கறிக்குப் பக்குவம் சொன்னவனும் பாலன்தான். செத்தல் மிளகாய் கூடாது. தேங்காய்ப்பால் கூடாது. புளி பேருக்கு மட்டும். சரக்கைத் தனித்தனியாக வறுத்து, சதகுப்பையைக் கடைசியாக, சட்டியின் சூட்டிலேயே ஒரு பிரட்டுப் பிரட்டி எடுக்க வேண்டும், கருகினால் கசந்துவிடும். பிறகு அம்மியில் பட்டுப்போல அரைத்து, உள்ளிப்பூண்டை உரித்து முழுசாகப் போட்டு, நல்லெண்ணெய் விட்டுக் கொதிக்க வைத்து, கடைசியில் மீனை மெல்ல இறக்க வேண்டும். மீனும் விளைமீனோ ஓராவோதான். சூரை கிரந்தியாம், உடம்பில் சொறி கிளப்புமாம். கிரந்தி என்பதை ஒரு வெள்ளைக்கார டொக்டர் எங்கே படித்தார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. கேட்டால் பாலன் கண்ணாடியைத் துடைத்தான்.

கறி கொதித்தபோது எழும்பிய மணத்தை எப்படிச் சொல்வது! இனிப்பும் உறைப்பும் மருந்துமாய், வீடு முழுக்க நிறைந்து, யன்னலால் ஒழுங்கைக்குள் இறங்கித் தெருமுனை வரை போனது. எங்கேயோ முன்பு முகர்ந்த மணம் போலவும் இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. நான் ஒரு அகப்பை வாயில் விட்டுப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஆனால் பாலன் அதைச் சாப்பிடவில்லை. ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் சோற்றோடு அடுக்குக் கரியரில் போட்டான். கந்தோரில் இருந்து ஆறுதலாகச் சாப்பிடுவானாம். நாலு தட்டுக் கரியர்! வாய்வுக்காரனுக்கு இவ்வளவு பசியா? அவ்வளவு சாப்பிட்டும் ஆள் மெலிந்துகொண்டே போனான். கண்கள் சிவந்திருந்தன. அதே ஆள் கிணற்றடியில் தனியே சிரித்துக்கொண்டு நின்றதையும் கண்டேன். கலியாணக் களை என்று நினைத்து ஐயாவுக்கும் அப்படியே எழுதினேன்.

பாலன் மட்டும் என்றால் பரவாயில்லை. ஒழுங்கைக்கே ஏதோ பிடித்துவிட்டது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கோயிலின் ஆடிவேல் விழாவுக்கு ஆள் சேர்ப்பவர் அவர். ஒவ்வொரு வருஷமும் மடத்தில் மோர் வார்ப்பது நான்தான்.

"தம்பி, உங்கடை வீட்டிலை ஊரிலை இருந்து ஆரும் பொம்பிளையள் வந்து நிக்கினமோ?"

"இல்லையே அண்ணை. நாங்கள் மூண்டு ஆம்பிளையள்தான்."

"ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை எண்டுறன்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அப்பிடியெண்டால் இன்னும் பிழை," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் அவர் வீட்டு யன்னல்கள் எங்கள் பக்கம் சாத்தியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மோர் வார்க்கும் பட்டியலில் என் பெயரைக் காணவில்லை. ஏன் என்று கேட்டேன். "இந்த வருஷம் நீர் கோயில் பக்கம் வராமல் விடுறது நல்லது. உமக்குத் தெரியாததே?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஒரு மனுஷன் மீன்கறி வைத்தால் கோயிலுக்கு வரக்கூடாது என்று எந்த ஆகமத்தில் இருக்கிறது? அப்படியென்றால் வெள்ளவத்தையில் பாதிப்பேர் வெளியில்தான் நிற்க வேண்டும்.

பாற்காரி என்னைக் கண்டால் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். ரயிலில் பாலனின் கரியருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா எழும்பித் தன் இடத்தை அவனுக்குக் கொடுத்தாள். எனக்குப் பைத்தியமா, ஊருக்குப் பைத்தியமா என்று பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு சட்டியை உருட்டினேன்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை சரக்கு முடிந்துவிட்டது. கந்தோர் விட்டு மருதானையில் இறங்கி, பாலன் சொன்ன, மர்ஸூக் நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் அண்ணரின் மருந்துக்கடைக்குப் போனேன். பொட்டலத்தின் அடியில் மிஞ்சிய விதைகளைக் காட்டினேன். நானா ஒன்றை நகத்தால் கீறி முகர்ந்துவிட்டுச் சிரித்தார்.

"எத்தன நாளு?"

"இண்டையோடை பதினொண்டு."

"அப்ப திப்பிலியக் கொஞ்சம் கூட்டித் தாரன். தாய்க்குப் பால் நல்லா ஊறுதா?"

"நானா, ஆற்றை தாய்க்கு?"

"என்ன தம்பி இப்பிடிக் கேக்குறீங்க? இது புள்ள பெத்த பொம்புளைக்கு ஆக்குற சரக்குதானே. உங்கட யாழ்ப்பாணத்து ஆளுகள் இதப் போட்டு மீனாக்கி, முப்பது நாளைக்குக் குடுப்பாங்க. போன கிழமைக்கு முந்தின கிழமையும் கண்ணாடி போட்ட ஒரு தம்பி வந்து வாங்கிட்டுப் போனாரு. கொட்டாஞ்சேனைல ஊடாம். மொதப் புள்ளயாம். சந்தோசத்துல எனக்கு இனிப்பா மஸ்கட் துண்டும் தந்தாரு."

கடைப்படியில் அப்படியே இருந்துவிட்டேன். அந்த மணம் எங்கே முகர்ந்தது என்று அப்போதுதான் நினைவு வந்தது. எனக்கு மூன்று வயது. சாத்திய அறைக் கதவு. உள்ளே அம்மா, வெளியே என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டு யாரோ. அன்று உள்ளே பிறந்திருந்தவள் நாகேஸ்வரி.

சிவக்கொழுந்து அண்ணையின் யன்னல், பிள்ளை பிறந்து தீட்டான துடக்கு வீட்டுக்காரன் கோயிலுக்கு வரலாமா என்ற கதை, பாற்காரியின் சிரிப்பு, ரயிலில் அந்த அம்மா இடம் விட்டது எல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. மூன்று ஆண்பிள்ளைகள் இருக்கும் வீட்டிலிருந்து பதினொரு நாளாகப் பிள்ளைப்பெற்றாள் கறி மணத்திருக்கிறது! ஊர் தெளிந்த அளவுக்கு எனக்குப் பாலன் தெளியவில்லை. பிள்ளை அவனுடையதுதானா? வேறு யாருக்காவது உதவி செய்கிறானா? நல்லவன், உதவிதான் செய்கிறான் என்று நம்புவதற்கு அன்றிரவு முழுக்கப் பாடுபட்டேன்.

சனிக்கிழமை அரைநாள். காலையில் ஒன்றும் தெரியாதவன் போலக் கறியை வைத்துக் கொடுத்தேன். பாலன் கரியரோடு கோட்டையில் ட்ராம் ஏறியபோது நான் பின்பெட்டியில் தொங்கிக்கொண்டேன். கொட்டாஞ்சேனையில் ஒரு வரிசை வீட்டின் கடைசிக் கதவுக்குள் போனான். முக்கால் மணித்தியாலம் எதிர்ச் சந்தியில் நின்றேன். வெறும் கரியரோடு அவன் திரும்பிப் போனதும் போய்க் கதவைத் தட்டினேன். என்ன கேட்பதென்று எனக்கே தெரியாது.

கதவைத் திறந்தவளுக்கு இருபது வயதிருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு. தோளில் ஒரு துணிப் பொட்டலம். அதற்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"சம்மரியிலை இருந்து வாறன்," என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "மீனு சமைக்கிறவங்களா? அவரு சொல்லியிருக்காரு. உள்ள வாங்க, உக்காருங்க."

என்னைச் சமையற்காரன் என்று சொல்லி வைத்திருக்கிறான்! வந்த கோபத்தில் மறுத்திருப்பேன். ஆனால் சமைத்தது நான்தானே, எதை மறுப்பது? உட்கார்ந்தேன்.

அவள் பெயர் பழனியம்மா. தேயிலை ஸ்டோரில் பெட்டி ஒட்டுகிற வேலை. இந்தியாவிலிருந்து வந்த தகப்பனுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. யாழ்ப்பாணத்துக்காரன் கைவிட்டுவிட்டுப் போவான் என்று சொல்லித் தகப்பன் அவளை வீட்டில் சேர்க்கவில்லை. அதனால் சமைத்துக் கொடுக்க ஆள் இல்லை.

"எங்காளுக மீனுக்குச் சதகுப்பை போட மாட்டாங்க. மொத நாளு வாயில வைக்க முடியல. துப்பிட்டேன். அவரு அழுதுட்டாரு, எங்கம்மா பத்துப் புள்ள பெத்தது இதைத் தின்னுதான்னு. சரின்னு தின்னேன். இப்ப அது இல்லாட்டி சோறு எறங்க மாட்டேங்குது. பாலும் நல்லா இருக்கு. உங்க கைக்குப் புண்ணியமாப் போகும்."

நான் பிள்ளையைப் பார்த்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பாலனின் மூக்கை அப்படியே வைத்துக்கொண்டு கிடந்தது. உதவி செய்கிறான் என்று நான் நம்பிக்கொண்டு வந்த கதை அந்த மூக்கோடு முடிந்தது.

"ஆவணியில ஊருக்குப் போய்ப் பேசிட்டு வந்து எங்களக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு," என்றாள்.

ஆவணியில் அவன் ஊருக்குப் போவது எனக்குத் தெரியும். எதற்கு என்றும் தெரியும். வாயைத் திறந்தால் இவள் தலையில் இடி விழும். மூடினால் நாகேஸ்வரி தலையில். அந்த அறையில் கொஞ்ச நேரம் நான் யாருடைய ஆள் என்று எனக்கே விளங்கவில்லை.

"முப்பது நாளைக்குத் திங்கணுமாம். இன்னும் பதினெட்டு நாளு இருக்கு. முடியுங்களா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். என் வாய் ஏன் அப்படிச் சொன்னது என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பாலன் கரியரைக் கழுவிக்கொண்டிருந்தான். அடிப்பதற்கென்றே வந்தவன், பக்கத்தில் போனதும், "பழனியம்மாவைப் பார்த்திட்டு வாறன்," என்று மட்டும் சொன்னேன். அவன் கை நின்றது.

"நான் சொல்லத்தான் இருந்தனான் மச்சான். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் இருந்தனான்."

"எப்ப? என்ரை தங்கச்சிக்குத் தாலி கட்டேக்கையோ?"

"நீ வந்து கேக்கேக்கை இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. பிறகு நாள் வைச்சிட்டியள். பிறகு பிள்ளை பிறந்திட்டுது."

"ஆவணியிலை ரெண்டு பேருக்கும் என்ன சொல்ல இருந்தனீ?"

"தெரியாது," என்றான். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நாகேஸ்வரி சீலைகளை மடித்து வைத்துக்கொண்டு நாள் எண்ணிக்கொண்டிருப்பாள். அவளை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டி உருட்டக்கூடக் கை எழும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, கடதாசியும் மைக்கூடும் கொண்டுவந்து அவனுக்கு முன்னால் வைத்தேன்.

"ஐயாவுக்கு எழுது. உன்ரை கையாலை, உன்ரை பேரிலை. கலியாணம் முடிச்சு ஒரு பிள்ளையும் இருக்கெண்டு எழுது. நாகேஸ்வரியிலை ஒரு பிழையும் இல்லையெண்டதை முதல் வரியிலை எழுது. ஊரிலை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டக் கூடியதா இருக்கவேணும்."

அவன் பேனாவைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "நான் இண்டைக்கே இந்த வீட்டை விட்டுப் போகவேணுமோ?"

"போய்? ஆர் சரக்கு அரைக்கிறது, நீயோ?" என்றேன். "கடிதத்தை நீ எழுது. மீனை நான் பார்க்கிறன்."